திங்கட்கிழமை இஸ்வாரா

"காரை வித்துடச் சொல்றாங்க மாமா" என்றபடியே அக்காள் மகள் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். ஜார்ஜ் டவுன் குயின் ஸ்திரீட்டில், மாரியம்மன் கோயிலிலிருந்து நாலு எட்டு நடந்தால் வரும் கடை. எனக்கு தே ஓ, அவளுக்கு தே ஐஸ். அவள் நிறுத்தியிருந்த வண்டி இங்கிருந்தே தெரிந்தது. 1994-ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா இஸ்வாரா, 1.3. அத்தான் வாங்கிய கார். அவர் தவறி இரண்டு வருஷம் ஆகிறது. அதில் பாதிக்கு மேல் வண்டி வீட்டு வாசலில் சும்மாவே நின்றது. இப்போது இவள் எடுத்து ஓட்டுகிறாள். தினமும் பாலம் கடந்து அக்கரையில் ஒரு பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வருகிறாள்.

சாகா மீது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தனிப் பிரியம் உண்டு. 1985 ஜூலை 9 அன்று சாகா அறிமுகமானது. அதே ஆண்டு செப்டம்பர் 14 அன்று பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. அப்போதைய பிரதமர் மகாதீர் சாகாவை ஓட்டிக்கொண்டுதான் அந்தப் பாலத்தைக் கடந்தார். அதுவரை அக்கரைக்குக் காரைக் கொண்டுபோக ஃபெர்ரிக்கு வரிசை பிடித்து நின்றவர்கள் நாங்கள். 1992-ல் அந்தக் காரே முகம் மாறி இஸ்வாரா ஆனது. உள்ளே மிட்சுபிஷியின் 4ஜி13 இன்ஜின், 1,298 சிசி. ஒரு கார்புரேட்டர், ஒரு டிஸ்ட்ரிபியூட்டர், இன்ஜின் தலையிலேயே பூட்டிய மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப். மூடியைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். ஜெலுத்தோங்கில் பட்டறை வேலை பார்த்த வருஷங்களில் இந்த இன்ஜினை எத்தனை முறை திறந்திருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

"என்னதான் பண்ணுது?" என்றேன்.

"காலையில ஸ்டார்ட் ஆக ரொம்ப நேரம் பிடிக்குது. லைட்டுல நின்னுட்டு மிதிச்சா ஒரு செகண்ட் மூச்சடைச்ச மாதிரி திணறிட்டு அப்புறம்தான் பாயுது. நல்லா ஓட்டிட்டு வந்து கடைக்குள்ள போயிட்டுத் திரும்பினா மறுபடி ஸ்டார்ட் ஆகாது. பேட்டரி மாத்தியாச்சு, பிளக் மாத்தியாச்சு, காயிலும் மாத்தியாச்சு. இப்ப ஒரு பட்டறையில கார்புரேட்டரையே புதுசா போடணும், இல்லாட்டி வித்துடுங்கன்னு சொல்லிட்டாங்க."

மூன்று பொருள் மாற்றியாகிவிட்டது, நான்காவதுக்கு விலை சொல்லியாகிவிட்டது. ஆனால் அவளிடம் யாருமே கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. எப்போது? காய்ச்சல் என்று வருகிறவரிடம் வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தானே. காலையிலா, சாயந்தரத்திலா, சாப்பிட்ட பிறகா, விட்டு விட்டா என்று. இன்ஜினுக்கும் அதே விசாரணைதான். குளிர்ந்து கிடக்கும்போது அடம்பிடிக்கிற இன்ஜினுக்கு ஒரு காரணம், சுட்டபின் அடம்பிடிப்பதற்கு இன்னொன்று. மிதித்த அந்த நொடியில் திணறுவது ஒரு கதை, ஏற்றத்தில் சுமை ஏறும்போது திணறுவது வேறு கதை. இவற்றைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிரிக்காமல் பொருள் மாற்றுகிறவர் கண்ணைக் கட்டிக்கொண்டு தேங்காய் உடைக்கிறார்.

"காலையில சாவியைத் திருப்பும்போது இன்ஜின் எப்படிச் சுத்துது? வேகமாவா, இழுத்து இழுத்தா?"

"வேகமாத்தான் சுத்துது. பிடிக்கத்தான் மாட்டேங்குது."

அந்த ஒரு பதிலிலேயே பேட்டரியும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கிவிட்டன. ஸ்டார்ட்டர் சோம்பலாக உருண்டால்தான் மீட்டரை எடுக்க வேண்டும். ராத்திரி முழுக்க ஓய்ந்திருந்த நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது அது 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. மீட்டர் நல்ல எண்ணைக் காட்டியும் ஸ்டார்ட்டர் இழுக்கிறதென்றால் கேபிளையும் எர்த் பட்டையையும் பார்க்க வேண்டும். கடல்காற்று அடிக்கிற ஊர் இது. டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் உப்பைத் துடைக்காமல் புதுப் பேட்டரி வாங்கினவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். மனசு கேட்காது எனக்கு. வெந்நீரும் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷும் செய்கிற வேலை அது.

வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால், பொறி இல்லை, அல்லது பெட்ரோல் இல்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி இருக்கிறது.

பொறியைப் பார்ப்பது எளிது. ஒரு பிளக்கைக் கழற்றி அதன் கேபிளிலேயே செருகி, பிளக்கின் இரும்பு உடம்பு இன்ஜின் இரும்பைத் தொடும்படி வைத்து, ரப்பர் பிடி போட்ட குறட்டால் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் சாவியைத் திருப்புவார். பெட்ரோல் வாடை வீசும் இடத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். நீல நிறத்தில் சட்சட்டென்று சத்தத்தோடு பாய்ந்தால் பொறி ஆரோக்கியம். மஞ்சளாக, மெலிந்து, விட்டு விட்டு வந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பாருங்கள். மூடியின் உள்பக்கம் பென்சிலால் இழுத்ததுபோல் மெல்லிய கருங்கோடு ஓடினால் மின்சாரம் அந்த வழியாகக் கசிகிறது என்று அர்த்தம். செப்டம்பர், அக்டோபர் மழையில் மட்டும் தகராறு செய்கிற காருக்குப் பெரும்பாலும் நோய் இங்கேதான். விளக்கில்லாத இடத்தில் ராத்திரியில் பானட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தால், பழைய பிளக் கேபிள்கள் மேல் மின்மினிப் பூச்சிபோல நீலப் பொட்டுகள் ஓடுவது தெரியும். கேபிளைக் கையால் தொடக் கூடாது, பார்த்தால் போதும்.

இவள் காரில் பிளக் புதிது, காயில் புதிது. மழையும் வெயிலும் பார்த்து அது அடம்பிடிப்பதாகவும் அவள் சொல்லவில்லை. அதனால் பொறியை ஓரமாக வைத்தேன். அடுத்து நான் கேட்டதற்கு அவள் சொன்ன பதில்தான் கதவைத் திறந்தது.

"எல்லாக் காலையும் ஒரே மாதிரியா?"

கொஞ்சம் யோசித்தாள். "இல்ல மாமா. திங்கட்கிழமைதான் மோசம். ஞாயித்துக்கிழமை நான் வண்டியே எடுக்கிறதில்ல."

ஒரு ராத்திரி நின்றால் கொஞ்சம் கஷ்டம், இரண்டு ராத்திரி நின்றால் அதிகக் கஷ்டம். நிற்க நிற்க ஏதோ ஒன்று வற்றுகிறது. நான் அவள் முன்னால் இருந்த தே ஐஸைக் காட்டினேன். "அந்த ஸ்ட்ராவோட மேல்முனையை விரலால மூடிக்கிட்டு வெளிய தூக்கு."

தூக்கினாள். உள்ளே இருந்த தேநீர் அப்படியே நின்றது. "இப்ப விரலை எடு." சளக்கென்று கோப்பைக்குள் விழுந்தது. அடுத்து, மேசையில் கிடந்த பல்குச்சியால் ஸ்ட்ராவின் மேல்பாதியில் ஒரு ஓட்டை போட்டேன். மறுபடி மூடித் தூக்கினாள். விரல் மேலே இறுக்கமாக இருந்தும் தேநீர் நிற்கவில்லை, இறங்கிப் போயிற்று. "இப்ப உறிஞ்சு பார்." உறிஞ்சினாள். தேநீரோடு காற்றும் சேர்ந்து வந்தது.

அவளுக்கு விளக்கினேன்: உன் காரில் பெட்ரோல் டாங்க் பின்னால் இருக்கிறது, பம்ப் முன்னால் இருக்கிறது. நடுவில் இரும்புக் குழாய், அதன் இரண்டு முனையிலும் ரப்பர் குழாய். பம்ப் ஸ்ட்ராவில் வாய் வைத்து உறிஞ்சுவதுபோலத்தான் பெட்ரோலை இழுக்கிறது. இன்ஜினை நிறுத்தினபின் பெட்ரோல் பின்னால் ஓடிப்போகாமல் பிடித்துக்கொள்ளும் வேலையைப் பம்புக்குள் இருக்கும் சின்ன வால்வு செய்கிறது. அதுதான் உன் விரல். அந்த வால்வு நைந்தாலும் பெட்ரோல் திரும்பும், ரப்பர் குழாயில் முடியளவு வெடிப்பு விழுந்தாலும் திரும்பும். இதில் ஏமாற்றுகிற விஷயம் என்னவென்றால், உறிஞ்சும் பக்கத்து வெடிப்பு பெரும்பாலும் சொட்டாது. பெட்ரோல் வெளியே வருவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போகிறது. தரையில் ஈரம் இல்லை, வாடை இல்லை. அதனால் யாரும் அங்கே தேடுவதில்லை.

"ஆனா கார்புரேட்டர்ல கொஞ்சம் பெட்ரோல் நிக்கும்தானே?" என்று கேட்டாள். பாடம் நடத்துகிறவள் கேட்கும் கேள்வி. நிற்கும். ஃப்ளோட் இருக்கும் சின்னத் தொட்டியில் நிற்கும். சாயந்தரம் சுடச்சுட நிறுத்தும்போது இன்ஜின் சூடு மேலேறி, அந்தத் தொட்டியில் உள்ளதில் ஒரு பங்கை ஆவியாக்கிவிடுகிறது. மீதியும் மெல்ல வற்றுகிறது. நல்ல காரிலும் இது நடப்பதுதான். குழாய் நிறைய பெட்ரோல் நின்றால், காலையில் பம்ப் நாலைந்து தடவை அடித்ததுமே தொட்டி நிரம்பிவிடும். குழாயும் காலி, தொட்டியும் குறைச்சல் என்றால் டாங்க்கிலிருந்து புதிதாக இழுத்துக்கொண்டு வர வேண்டும். அந்த பம்பை ஓட்டுவது கேம்ஷாஃப்ட். இன்ஜின் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று, பம்ப் ஒரே ஒரு அடி. ஸ்டார்ட்டர் சுற்றுகிற வேகத்தில் அத்தனை நீளக் குழாயை நிரப்புவதற்குள் புதுப் பேட்டரியும் களைத்துவிடும்.

புத்தகத்தைப் பார்த்தால் குளிர் ஸ்டார்ட் தகராறுக்கு முதல் காரணமாக சோக் என்றுதான் போட்டிருக்கும். தப்பில்லை. நல்ல எரிப்புக்கு ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, அதனால் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்ட வேண்டும், அதுதான் சோக்கின் வேலை. ஆனால் அந்தப் புத்தகங்கள் பனி விழும் ஊர்களையும் மனதில் வைத்து எழுதியவை. விடிகாலையிலும் வேர்க்கிற பினாங்கில் சோக்கை முதல் ஆளாகச் சந்தேகப்படுவது சரியில்லை என்பது என் அனுபவம். கேமரன் மலையிலோ ஊட்டியிலோ வண்டி வைத்திருப்பவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது புகாருக்கு வந்தேன். மிதித்ததும் ஒரு நொடி மூச்சடைப்பது. கார்புரேட்டர் பெட்ரோலைத் தானாகத் தள்ளுவதில்லை. குறுகலான தொண்டை வழியாகக் காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது, பெட்ரோல் மேலே இழுக்கப்படுகிறது. வீட்டில் தாத்தா காலத்துக் கொசு மருந்து பம்ப் இருந்தால் எடுத்துப் பார்க்கலாம், அதே வித்தைதான். திடீரென்று பெடலை மிதித்தால், காற்றை உள்ளே விடும் த்ராட்டில் கதவு விரியத் திறக்கிறது. காற்று லேசானது, உடனே பாய்ந்துவிடும். பெட்ரோல் கனமானது, ஒரு கணம் பின்தங்கும். அந்த ஒரு கணத்தை நிரப்பத்தான் கார்புரேட்டரின் பக்கத்தில் ஆக்சிலரேட்டர் பம்ப் என்று ஒரு சின்ன ரப்பர் சவ்வு இருக்கிறது. பெடல் அசைந்ததும் அது ஒரு வாய் பெட்ரோலைத் தொண்டைக்குள் பீய்ச்சும். சவ்வு காய்ந்து விறைத்துப் போனாலோ, பீய்ச்சும் துளை பிசின் பிடித்து அடைத்துக்கொண்டாலோ அந்த ஒரு வாய் கிடைக்காது. மாதக்கணக்கில் சும்மா நின்ற காரில் பெட்ரோல் மெல்ல மெல்லக் காய்ந்து அரக்குபோல ஒட்டிக்கொள்வது சகஜம்.

காரைப் பார்க்காமலே இத்தனை பேசியாயிற்று. தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தோம். வண்டி நின்று ஒரு மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது, இன்ஜின் ஆறியிருந்தது. சாவியை அவளிடமிருந்து வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கார்புரேட்டருக்குள் எட்டிப் பார்க்கும்போது யாரும் இன்ஜினைச் சுற்றவிடக் கூடாது. திருப்பி அடித்தால் தீ முகத்துக்கு வரும். ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, த்ராட்டில் கம்பியைக் கையால் தள்ளினேன். இரண்டு நிமிஷமும் ஆகாத இந்தச் சோதனையைத்தான் கார்புரேட்டர் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்க ஆசைப்படுகிறேன். தள்ளினதும் ஊசிபோல நேராகப் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். இங்கே ஒரு துளி உருண்டு விழுந்தது, அவ்வளவுதான். தொட்டியில் பெட்ரோல் இருக்கிறது, துளி வருகிறது, ஆனால் பாய்ச்சல் இல்லை. சவ்வுதான். திங்கட்கிழமை காலை சாவியைத் தொடுவதற்கு முன்னால் இதே சோதனையைச் செய்து, துளிகூட வராமல் போனால் தொட்டி வற்றிவிட்டது என்பதும் உறுதியாகிவிடும்.

பிறகு குழாய். பம்புக்கு வரும் ரப்பரை விரலால் வளைத்தேன். முறுக்குபோல விறைத்திருந்தது. வளைத்த இடத்தில் குறுக்கே மெல்லிய கோடுகள். இது போதும், ஆனாலும் அவள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். வழியில் ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் கண்ணாடிபோல உள்ளே தெரியும் பெட்ரோல் ஃபில்டர் ஒன்று வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனோம். அதைப் பம்புக்கு முன்னால் பொருத்தி இன்ஜினை ஓடவிட்டால், பெட்ரோலோடு குமிழிகள் வரிசையாக ஓடின. ஸ்ட்ராவில் அவள் உறிஞ்சியபோது வந்த அதே காற்று.

மூன்றாவது புகாருக்குப் பொருள் எதுவும் வாங்கவில்லை. சூடான காரை நிறுத்திப் பத்து இருபது நிமிஷம் கழித்து ஸ்டார்ட் செய்யும்போது நடப்பதே வேறு. ஓடும்போது காற்றும் தண்ணீரும் சூட்டைக் கொண்டுபோய்விடும். நிறுத்தினதும் இரண்டும் நின்றுவிடுகின்றன, சூடு முழுவதும் மேலே கார்புரேட்டருக்கு ஏறுகிறது. தொட்டிப் பெட்ரோல் கொதித்து வழிந்து இன்ஜினுக்குள் இறங்கிவிடுகிறது. அப்போது பெட்ரோல் வாடை குப்பென்று வரும். காற்று இல்லாமல்தான் அது பிடிப்பதில்லை. இவளோ ஸ்டார்ட் ஆகவில்லையே என்று பெடலை நாலைந்து தடவை மிதித்திருக்கிறாள். சவ்வு நைந்திருந்தாலும் ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் போகும். செய்ய வேண்டியது, பெடலை மெதுவாகத் தரைவரை அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்புவது. அடிக்கக் கூடாது, விடக் கூடாது. கதவு முழுக்கத் திறந்து காற்று நிறையப் போய் ஈரத்தை உலர்த்திவிடும், பிடித்ததும் காலை எடுத்துவிடலாம்.

வாடையே இல்லாமல் சூட்டில் மட்டும் அடம்பிடித்தால் பெட்ரோல் குழாயிலோ பம்பிலோ ஆவி அடைத்திருக்கலாம். தமிழ்நாட்டில் அம்பாசடர் ஓட்டிய டிரைவர்கள் கோடையில் மலையேறும்போது பம்ப் மேல் ஈரத்துணி போட்டார்களே, அது இதற்குத்தான். அம்பாசடர் 2014-ல் உற்பத்தி நின்றது, ஆனால் அந்த ஈரத்துணி இன்றும் வேலை செய்யும். சூட்டில் பொறியே இல்லாமல் போகிறது என்றால் மட்டும் காயிலையும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இக்னைட்டரையும் சந்தேகிக்கலாம். ஆறினால் சரியாகும், சுட்டால் சாகும் பண்டங்கள் அவை.

இன்ஜெக்ஷன் வைத்த பிந்தைய கார்களுக்கு இதில் பாதி பொருந்தாது. அங்கே ஒரு சோதனை போதும். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி இரண்டு விநாடி, ஆஃப், மறுபடி ஆன். இப்படி மூன்று தடவை செய்தபின் ஸ்டார்ட் செய்தால் உடனே பிடிக்கிறதா? பிடித்தால் ராத்திரியில் பெட்ரோல் அழுத்தம் இறங்கிப் போகிறது, டாங்க் பம்பின் வால்வைப் பாருங்கள். அதே ஸ்ட்ரா கதைதான்.

அன்று சாயந்தரம் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, பெட்ரோலுக்கென்றே விற்கும் ரப்பர் குழாயை முன்னும் பின்னும் மாற்றினோம், புதுக் கிளிப் போட்டோம். கார்புரேட்டருக்கு வாங்கியது ரிப்பேர் கிட் மட்டும்தான். சவ்வை அவளே மாற்றினாள், பீய்ச்சும் துளையை நான் கிளீனர் அடித்து ஊதிவிட்டேன். அத்தானின் கையெழுத்தில், எந்த மாதம் ஆயில் மாற்றினார் என்ற குறிப்போடு ஒட்டிய சீட்டு ஏர் ஃபில்டர் பெட்டியின் ஓரத்தில் இன்னும் இருந்தது. அதைத் துடைத்து அங்கேயே விட்டோம்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவளிடமிருந்து குரல் செய்தி. முதலில் ஸ்டார்ட்டர் சத்தம், மூன்று சுற்று, இன்ஜின் பிடித்துக்கொண்டது. பிறகு அவள் குரல்: "கேட்டீங்களா மாமா?" லைட்டில் மிதித்தாலும் திணறவில்லையாம். பாலத்தின் நடு ஏற்றத்தில் மட்டும் லேசாக இழுக்கிறதாம், மூன்றாவது கியருக்கு இறக்க வேண்டியிருக்கிறதாம்.

அது சுமையில் வருவது, வேறு கதை. டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்குவம் சவ்வு கிழிந்திருக்கலாம். அதன் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி நாக்கால் அடைத்தால் பிடித்து நிற்க வேண்டும், நிற்காவிட்டால் கிழிசல்தான். பொறி விழும் டைமிங் பின்தங்கியும் இருக்கலாம். சனிக்கிழமை டைமிங் லைட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று பதில் அனுப்பியிருக்கிறேன். துன் சர்டோன் சாலை ஏற்றத்தில் அவளையே ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பார்க்க வேண்டும்.